புதுத்தொழிலுக்குத் துணை நிற்கும் வட்டாரம்: அளப்பது எப்படி?

பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

மாநிலங்கள் புத்தொழில்களுக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கின்றன என்பதை அளந்து, இந்திய ஒன்றிய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட முதல் தரவரிசையில், குஜராத் தலைசிறந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. பீகாரும் சத்தீஸ்கரும் ‘முன்னணி மாநிலங்கள்’ என்ற வகையில் இடம்பெற்றன. நாட்டின் புத்தொழில் நிறுவனங்கள் மிகுதியாகக் குவிந்திருந்த மகாராஷ்டிரமும் டெல்லியும், அவற்றுடன் தமிழ்நாடும், கடைசிக்கு முந்தைய வகையான ‘வளர்ந்துவரும் மாநிலங்கள்’ பட்டியலில் வைக்கப்பட்டன. இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, மும்பையிலோ டெல்லியிலோ நிறுவனம் தொடங்கும் எண்ணத்தைக் கைவிட்டுப் பாட்னாவுக்குத் திரும்பியவர் எவரும் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் பட்டியல் பொய்யானதன்று. தான் அளக்க எடுத்துக்கொண்டதை அது முறையாகவே அளந்தது. அது அளந்த பொருளும், அதைப் படித்தவர்கள் அளக்கப்பட்டதாக எண்ணிக்கொண்ட பொருளும் வெவ்வேறாக இருந்தன என்பதே சிக்கல்.

அந்த இடைவெளியை ஆராய்வது இவ்வுரையின் நோக்கம். ஒரு வட்டாரம் தொழில் முனைவோருக்குத் தரும் துணையை, அங்குள்ள அரசு எடுத்த நடவடிக்கைகளின் பட்டியலிலிருந்து அறிய இயலாது. தொழில் தொடங்கியவருக்கு அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் என்ன நேர்ந்தது என்பதிலிருந்தே, குறிப்பாகத் தொழில் நொடித்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதிலிருந்தே, அறிய இயலும் என்பதே இங்கு நிறுவ முயலப்படும் கருத்து.

1. முயற்சியை அளக்கும் முறை

2016 ஜனவரி 16 அன்று ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ திட்டம் தொடங்கப்பட்டபோது, வரிச்சலுகை, காப்புரிமைக் கட்டணக் குறைப்பு முதலிய சில உதவிகள் மட்டுமே ஒன்றிய அரசின் கையில் இருந்தன. நிலம், மின்சாரம், உள்ளாட்சி உரிமம், கல்லூரிகள், மாநிலத் துறைகளின் கொள்முதல் ஆகியவை மாநிலங்களின் கையில் இருந்தன. ஆகவே மாநிலங்களைச் செயலில் இறக்குவதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. தரவரிசை அக்கருவியாக வடிவமைக்கப்பட்டது. முதல் பதிப்பு 7 துறைகளின் கீழ் 38 செயற்குறிப்புகளை வகுத்தது. மாநிலத்துக்கெனப் புத்தொழில் கொள்கை உண்டா, அதற்குப் பொறுப்பான அதிகாரி நியமிக்கப்பட்டிருக்கிறாரா, இன்குபேட்டர் எனப்படும் தொழில் வளர் மையங்களுக்கு உதவி தரப்படுகிறதா, தொடக்க நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா, அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் முன்னனுபவம் கேட்கும் நிபந்தனை புதியவர்களுக்குத் தளர்த்தப்பட்டிருக்கிறதா என்பன போன்ற வினாக்களுக்கு மாநிலங்கள் சான்று ஆவணங்களை அளித்தன, அவை மதிப்பெண்களாயின.

இந்த முறைக்குத் தக்க காரணம் உண்டு. ஒரு மாநிலத்தில் எத்தனை நிறுவனங்கள் உள்ளன என்று எண்ணினால் பெங்களூரும் மும்பையும் எக்காலத்திலும் முதலிடத்தில் இருக்கும். பின்தங்கிய மாநிலத்துக்கு முயன்று பார்க்கும் ஆர்வமே எழாது. நடவடிக்கையை அளந்தால், நேற்று தொடங்கிய மாநிலமும் இன்று மதிப்பெண் பெறலாம். தரவரிசை மாநிலங்களை உசுப்பிவிட்டது என்பதற்குத் தமிழ்நாடே எடுத்துக்காட்டு. 2018, 2019 பதிப்புகளில் ‘வளர்ந்துவரும்’ வகையில் இருந்த அது, தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கத்தை வலுப்படுத்தி, மதுரை, ஈரோடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் வட்டார மையங்களைத் திறந்து, ஆதார நிதித் திட்டத்தை விரிவாக்கி, 2021 பதிப்பில் ‘முன்னணி’ வகைக்கும், 2024 ஜனவரியில் வெளியான 2022 பதிப்பில், குஜராத், கர்நாடகம், கேரளம் ஆகியவற்றுடன் ‘தலைசிறந்த’ வகைக்கும் உயர்ந்தது.

ஆனால் இந்த உயர்வு எதைச் சொல்கிறது என்பதில் கவனம் தேவை. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மாநிலத்தின் தொழில் மரபோ, பொறியாளர் எண்ணிக்கையோ, கடன் கிடைக்கும் விதமோ அடியோடு மாறிவிடவில்லை. மாறியது அரசின் ஈடுபாடு. தரவரிசை அந்த மாற்றத்தை நேர்மையாகப் பதிவு செய்தது. அதைக் கொண்டு, 2018இல் சென்னையிலோ கோவையிலோ தொழில் தொடங்கியவர் துணையின்றித் தவித்தார் என்றும், இப்போது தொடங்குபவர் தவிக்கவில்லை என்றும் முடிவுகட்டுவது, அளவுகோல் சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிப்பதாகும். மருத்துவமனையின் தரத்தை அதன் கட்டடம், கருவிகள், பணியிடங்கள் ஆகியவற்றைக் கொண்டு மட்டும் மதிப்பிட்டு, நோயாளிகளில் எத்தனை பேர் குணமடைந்தனர் என்று கேளாமல் விடும் நிலை இது.

2. விதியும் நடைமுறையும்

நாடுகளின் அளவில் இதே சோதனையை உலக வங்கி ஏற்கெனவே நடத்திப் பார்த்திருக்கிறது. 2003 முதல் அது வெளியிட்டுவந்த ‘தொழில் செய்தல்’ அறிக்கை, ஒரு கற்பனை நிறுவனத்தை அடிப்படையாகக் கொண்டது. வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய, குறிப்பிட்ட அளவு முதலும் ஊழியர்களும் கொண்ட ஒரு நிறுவனம், நாட்டின் மிகப்பெரிய வணிக நகரில் பதிவு பெற எத்தனை படிகளைக் கடக்க வேண்டும், எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்று வழக்கறிஞர்கள், கணக்காளர்கள் முதலியோரைக் கேட்டு, கிடைத்த விடைகளைக் கொண்டு நாடுகள் வரிசைப்படுத்தப்பட்டன. இந்தியாவின் தரவு பெரும்பாலும் மும்பை, டெல்லி ஆகிய இரு நகரங்களிலிருந்தே எடுக்கப்பட்டது. 2014இல் 142ஆம் இடத்தில் இருந்த இந்தியா 2019இல் 63ஆம் இடத்துக்கு ஏறியபோது, அந்த ஏற்றம் சிவகாசி அச்சகக்காரருக்கும் தூத்துக்குடி உப்பளத்தாருக்கும் எந்த அளவில் பொருந்தும் என்ற வினாவுக்கு அறிக்கையில் இடமே இல்லை.

பொருளியலாளர்கள் மேரி ஹால்வார்ட்-டிரீமையரும் லாண்ட் பிரிட்செட்டும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்த அளவுகோலின் அடித்தளத்தையே அசைத்தது. சட்டப்படி ஆகும் நாள்களை ‘தொழில் செய்தல்’ அறிக்கையிலிருந்தும், நிறுவனங்கள் தமக்கு உண்மையில் ஆனதாகச் சொன்ன நாள்களை உலக வங்கியே நடத்திய நிறுவன ஆய்வுகளிலிருந்தும் எடுத்து அவர்கள் ஒப்பிட்டபோது, இரண்டுக்கும் இடையே பொருத்தம் மிகக் குறைவாகவே இருந்தது. ஒரே நாட்டில் ஒரே உரிமத்தை ஒருவர் சில நாள்களில் பெற்றிருந்தார். மற்றொருவர் பல மாதங்கள் காத்திருந்தார். விதி கடுமையாக உள்ள இடங்களில் தொழில் நடப்பது விதியின்படியன்று, ஆளுக்கு ஆள் செய்துகொள்ளப்படும் ஏற்பாட்டின்படி என்பது அவர்களின் முடிவு. இதிலிருந்து அளவீட்டுக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. சராசரியை மட்டும் சொல்லும் குறியீட்டெண் பாதி உண்மையையே சொல்கிறது. செல்வாக்குள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு என்பதே மறுபாதி.

தரவரிசைக்கு மதிப்பு கூடக்கூட அதை வளைக்கும் ஆசையும் கூடும். 2018, 2020 அறிக்கைகளில் சீனா, சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், அசர்பைஜான் ஆகிய நாடுகளின் தரவுகளில் முறைகேடுகள் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, உலக வங்கி 2021 செப்டம்பரில் அவ்வறிக்கையையே கைவிட்டது. அதற்கு மாற்றாக 2024 அக்டோபரில் 50 நாடுகளுடன் வெளிவந்த ‘பி-ரெடி’ அறிக்கை, வல்லுநர் கருத்துடன் நிறுவனங்களிடம் நேரடியாகக் கேட்டறிந்த விவரங்களையும் சேர்த்துக்கொண்டது. இந்திய மாநிலங்களுக்கான தொழில் சீர்திருத்தத் தரவரிசையும் ஏறத்தாழ இதே பாதையில் நடந்தது: 2015இல் 98 குறிப்புகளுக்கு அரசுகள் அளித்த சான்றுகளை நம்பித் தொடங்கிய அது, பின்னர் பயனர்களின் கருத்தை முதன்மையாக்கியது, 2022இல் வெளியான பதிப்பிலிருந்து ஒன்று, இரண்டு என இடமளிப்பதை விட்டு மாநிலங்களை வகைகளாகப் பிரிக்கலாயிற்று.

3. எது புதுத்தொழில், எதனால் வகுப்பது?

அளப்பதற்கு முன் எண்ண வேண்டும். எண்ணுவதற்கு முன் வரையறுக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, தனியார் நிறுவனமாகவோ, பதிவுபெற்ற கூட்டாண்மையாகவோ, வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையாகவோ அமைந்து, 10 ஆண்டு வயதைத் தாண்டாமல், எந்த ஆண்டிலும் 100 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் காணாமல், புத்தாக்கத்தையோ வேகமாக விரியத்தக்க தொழில்முறையையோ கைக்கொண்டதே ‘புத்தொழில் நிறுவனம்’ எனக் கொள்ளப்பட்டது. தனியுரிமையாளர் நடத்தும் தொழில் இவ்வரையறைக்குள் வரவில்லை. இவ்வாறு அங்கீகாரம் பெற்றவை 2023 இறுதிக்குள் 1 லட்சத்தைக் கடந்தன. அதே காலத்தில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய கூட்டுருவாக்கம் பெறாத நிறுவனங்களின் ஆய்வு, வேளாண்மை அல்லாத துறைகளில் 7.34 கோடி நிறுவனங்கள் இருப்பதாக 2023-24ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டது. தையலகம், லேத் பட்டறை, மாவு மில், செல்போன் பழுதுபார்ப்புக் கடை, மெஸ் ஆகியவை அனைத்தும் அந்த 7.34 கோடிக்குள் அடங்கும். முதல் எண்ணை வைத்து ஒரு வட்டாரத்தின் துணையை அளந்தால், அங்கே தொழில் தொடங்குபவர்களில் மிகச் சிறிய ஒரு பகுதியினரின் நிலை மட்டுமே தெரியவரும்.

மறுபுறம், எண்ணிக்கை கூடுதலாக இருப்பதே துணைக்குச் சான்றாகிவிடாது. பாப்சன் கல்லூரியும் லண்டன் வணிகப் பள்ளியும் 1999இல் தொடங்கிய உலகளாவிய தொழில்முனைவுக் கண்காணிப்பு ஆய்வு, 18 முதல் 64 வயதுக்குட்பட்டோரில் எத்தனை விழுக்காட்டினர் தொழில் தொடங்கும் முயற்சியிலோ, மூன்றரை ஆண்டுக்கு உட்பட்ட தொழிலை நடத்துவதிலோ ஈடுபட்டிருக்கின்றனர் என்று கேட்கிறது. இவ்விகிதம் பல ஏழை நாடுகளில் செல்வ நாடுகளைவிட உயர்ந்திருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், வாய்ப்பைக் கண்டு தொடங்கும் தொழிலையும், வேறு வழியின்றித் தொடங்கும் தொழிலையும் பிரித்தறிய வேண்டியதாயிற்று. ஆலை மூடப்பட்டதும் வேலையிழந்த ஐம்பது பேர் ஐம்பது தள்ளுவண்டிகள் போட்டால் எண்ணிக்கை உயரும். அது அவ்வூரின் துணையைக் காட்டுவதாகாது.

அடுத்த சிக்கல், கிடைத்த எண்ணை எதனால் வகுப்பது என்பது. டேவிட் ஆட்ரெட்ஷும் மைக்கேல் ஃபிரிட்ஷும் 1994இல் ஜெர்மானிய வட்டாரங்களை ஆராய்ந்தபோது, வகுக்கும் எண்ணை மாற்றினால் வட்டாரங்களின் வரிசையே மாறிவிடும் என்பதைக் காட்டினர். இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். இரு மாவட்டங்களில் தலா 10 லட்சம் உழைப்பாளர்கள் இருக்க, ஓராண்டில் தலா 1,000 தொழில்கள் புதிதாகத் தோன்றுகின்றன. முதல் மாவட்டத்தில் ஏற்கெனவே 20,000 சிறு நிறுவனங்கள் உள்ளன, இரண்டாவதில் 5,000 பெரிய நிறுவனங்கள் உள்ளன என்று கொள்வோம். உழைப்பாளர் எண்ணிக்கையால் வகுத்தால் இரண்டும் சமம்; இருக்கும் நிறுவனங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் முதலாவதற்கு 5 விழுக்காடு, இரண்டாவதற்கு 20 விழுக்காடு. தொழிலைத் தொடங்குவது மனிதர்களேயன்றி ஏற்கெனவே உள்ள நிறுவனங்கள் அல்ல என்பதால், முதல் முறையே பொதுவாக ஏற்கத்தக்கது.

பெருநிறுவனங்கள் நிறைந்த ஊர் புதியவர்களை வளர்க்கும் என்று கொள்வதற்கும் இல்லை. பெஞ்சமின் சினிட்ஸ் 1961இல் நியூயார்க்கையும் பிட்ஸ்பர்க்கையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை இதற்குச் சான்று. பிட்ஸ்பர்க்கின் எஃகு ஆலைகள் தமக்கு வேண்டிய பணிகள் அனைத்தையும் தம் வளாகத்துக்குள்ளேயே செய்துகொண்டதால், வெளியே பழுதுபார்ப்பவர், உதிரிபாகம் செய்பவர், சிறு கடன் தருபவர் என்ற கூட்டம் உருவாகவில்லை. நியூயார்க்கின் ஆயத்த ஆடைத் தொழிலோ நூற்றுக்கணக்கான சிறு கடைகளாகச் சிதறிக் கிடந்ததால், புதிதாக வருபவர் ஒரு மேசையும் ஒரு எந்திரமும் வைத்துக்கொண்டு நுழைய முடிந்தது. நெய்வேலி போன்ற ஒற்றைப் பெருநிறுவன ஊர்களைப் பற்றியும் இக்கேள்வியை எழுப்பிப் பார்க்கலாம்.

4. திருப்பூர்: துணை எங்கே இருக்கிறது?

சினிட்ஸ் கண்ட நியூயார்க்கின் தமிழ் வடிவம் திருப்பூர். அங்கே பின்னலாடை ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் ஒரு நிட்டிங் கம்பெனிக்குப் போகிறது. துணி சாயப்பட்டறைக்கும், பிறகு காம்பாக்டிங்குக்கும் போகிறது. வெட்டிய துணி தையலுக்கும், அச்சு வேலை பிரிண்டிங்குக்கும், பூவேலை எம்பிராய்டரிக்கும், இறுதியாகச் செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்றும் கை மாறிப் போகிறது. இவற்றில் பலவும் ‘ஜாப் ஒர்க்’ என்னும் கூலி வேலையாகத் தனித்தனி ஆள்களால் செய்யப்படுபவை. துணி, நூல், வாங்குபவரின் ஆர்டர் ஆகிய அனைத்தும் கொடுப்பவருடையவை என்பதால், ‘பவர் டேபிள்’ என்று அங்கே அழைக்கப்படும் தையலகத்தை ஓவர்லாக், பிளாட்லாக் எந்திரங்கள் சிலவற்றைத் தவணையில் வாங்கிப்போட்டே தொடங்கிவிடலாம். எந்திரம் பழுதானால் அதே தெருவில் மெக்கானிக் கிடைப்பார்; ஆர்டர் குறைந்தால் பக்கத்து யூனிட்டின் வேலையில் ஒரு பகுதி கைமாறி வரும். தொழிலாளியாக இருந்தவர்கள் முதலாளிகளான இந்த வரலாற்றை ஷரத் சாரி 2004இல் வெளியான தம் நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். மாநிலத் தரவரிசையின் 38 குறிப்புகளில் இந்த அமைப்பின் ஒரு கூறுகூட இடம்பெறவில்லை. ஆனால் புதியவருக்கு உண்மையில் துணை நின்றது இதுவே.

எனினும் இத்துணை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததா என்று கேட்டால் படம் மாறுகிறது. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரை, வட்டாரத்தின் பெரும்பான்மைத் தொழில் சமூகமான கவுண்டர்களின் நிறுவனங்களையும், வெளியிலிருந்து வந்தவர்களின் நிறுவனங்களையும் ஒப்பிட்டது. உள்ளூர்ச் சமூகத்தினரின் நிறுவனங்களில் மூலதனம் கணிசமாகக் கூடுதலாக இருந்தது; குறைந்த மூலதனத்துடன் தொடங்கிய வெளியாரின் உற்பத்தியோ வேகமாக வளர்ந்தது. திறமையில் உள்ள வேறுபாட்டால் இதை விளக்க முடியாது என்றும், உறவு வழியாகக் கிடைக்கும் கடன் ஒரு சாராருக்கு எளிதாகவும் மற்றவருக்கு அரிதாகவும் இருந்ததே காரணமாகலாம் என்றும் அவர்கள் முடிவு செய்தனர். உறவும் நம்பிக்கையும் பின்னிய வலைதான் ஒருவருக்கு ஏணி; அதே வலை அதற்கு வெளியே நிற்பவருக்கு வேலி. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் தொடங்கும் புத்தொழில்களுக்கெனத் தமிழ்நாடு அரசு 2022-23இல் 30 கோடி ரூபாயுடன் தனி நிதி ஒதுக்கியதன் பொருளாதார நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஆகவே ஒரு வட்டாரத்தின் அளவீடு, அங்கே சராசரியாக எவ்வளவு மூலதனம் கிடைக்கிறது என்பதோடு நில்லாமல், அது எவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

துணையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். சாயக்கழிவு பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்துக்கு உதவாமற் போயிற்று. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதுவரை பட்டறைகளால் முழுச் செலவை ஏற்காமல் கழிவை வெளியேற்ற முடிந்தது, நதியும் உழவரும் தொழிலுக்கு அளித்துவந்த மானியம் என்றே கூற வேண்டும். புதிய நிறுவனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால், 2011க்கு முந்தைய திருப்பூர் மிகச்சிறந்த துணை தந்த ஊராகத் தோன்றியிருக்கும்.

5. பல காரணிகளை ஒன்றாக்குதல்

நிதி, திறன்பெற்ற ஆள்கள், சந்தை, உள்கட்டமைப்பு, அறிவு நிலையங்கள் எனப் பலவற்றையும் அளந்த பின், அவற்றை ஒரே எண்ணாக்குவது எப்படி என்பது அடுத்த வினா. பெரும்பாலான குறியீட்டெண்கள் சராசரியையே எடுக்கின்றன. நிதிக்கு 80, ஆள்களுக்கு 80, சந்தைக்கு 20 பெற்ற வட்டாரமும், மூன்றிலும் 60 பெற்ற வட்டாரமும் சராசரியில் சமம். ஆனால் விற்க இடமில்லாத ஊரில் கடனும் பொறியாளரும் எத்தனை இருந்தும் பயன் இல்லை. ஏரியின் கரை ஓரிடத்தில் தாழ்ந்திருந்தால், மற்ற இடங்களில் எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் நீர் அந்தத் தாழ்ந்த மட்டத்துக்கு மேல் நிற்பதில்லை. ஐரோப்பிய வட்டாரங்களுக்கென லாஸ்லோ செர்ப், சோல்டன் ஆக்ஸ் முதலியோர் உருவாக்கிய தொழில்முனைவுக் குறியீட்டெண் இக்கருத்தையே கணிதமாக்கியது: மிகப் பலவீனமான காரணியின் அளவுக்கேற்ப மற்றக் காரணிகளின் மதிப்பெண்ணும் குறைக்கப்படும். நெதர்லாந்தின் எரிக் ஸ்டாமும் அவருடைய சகாக்களும் 2022இல் 273 ஐரோப்பிய வட்டாரங்களைப் பத்துக் கூறுகளில் அளந்து, அவற்றை அங்கே உண்மையில் தோன்றிய வளர்ச்சி நிறுவனங்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தனர். இந்த ஒப்பீடு முக்கியமானது. உள்ளீடுகளை அளக்கும் குறியீட்டெண், விளைவுடன் ஒத்துப்போகிறதா என்று சோதிக்கப்படும் வரை, அது ஒரு கருதுகோள் மட்டுமே. இந்திய மாவட்டங்களைப் பற்றி எஜாஸ் கனி, வில்லியம் கெர், ஸ்டீஃபன் ஓ’கானல் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வும் இச்சோதனையைச் செய்தது. சாலை, மின்சாரம் முதலிய உள்கட்டமைப்பும் மக்களின் கல்வியும் புதிய நிறுவனங்களின் வருகையுடன் மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருப்பதை அது கண்டது.

பிறந்த நாளிலேயே ஒரு நிறுவனத்தின் எதிர்காலத்தைக் கணிக்க முயன்றவர்களும் உண்டு. ஹோர்ஹே குஸ்மானும் ஸ்காட் ஸ்டெர்னும் 2015இல் கலிஃபோர்னியாவின் நிறுவனப் பதிவேடுகளை எடுத்து, பெயரின் நீளம், உரிமையாளரின் பெயரே நிறுவனத்தின் பெயராக இருத்தல், காப்புரிமை, வணிகக்குறி ஆகிய அடையாளங்களைக் கொண்டு, எவை பின்னாளில் பங்குச் சந்தைக்கு வரும் அல்லது பெருந்தொகைக்கு வாங்கப்படும் என்று கணித்தனர். உரிமையாளரின் பெயரைத் தாங்கியவை பெரிதும் வளர்வதில்லை என்பது அவர்களின் முடிவுகளில் ஒன்று. முறை பாராட்டத்தக்கது, ஆனால் அடையாளங்களை அப்படியே இறக்குமதி செய்வது தவறாகும். 1911இல் மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய தொழில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளோடுதான் பெருங்குழுமமாயிற்று. குடும்பப் பெயரே கடன் பெறுவதற்கான ஈடாக விளங்கும் நாட்டில், அப்பெயரைப் பலகையில் எழுதுவது சிறிய நோக்கத்தின் அறிகுறி ஆகாது. ஒவ்வொரு வட்டாரமும் தன் அடையாளங்களைத் தன் பதிவேடுகளிலிருந்தே கண்டறிய வேண்டும்.

6. அளக்க வேண்டியவை

மேற்கண்டவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, அளவின் அலகு மாநிலமாக இருத்தல் போதாது. கர்நாடகத்தின் மதிப்பெண் பெருமளவுக்குப் பெங்களூரின் மதிப்பெண். அது கலபுர்கியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தொழில் தொடங்குபவரின் அன்றாட உலகம் மாவட்டத்தின் அளவினது: அவருடைய வங்கிக் கிளை, மாவட்டத் தொழில் மையம், மின்வாரிய உதவிப் பொறியாளர், முதல் வாடிக்கையாளர் எல்லாம் அங்கேதான்.

இரண்டாவது, பிறப்புடன் பிழைப்பும் இறப்பும் எண்ணப்பட வேண்டும். இந்தியாவில் பொருளாதாரக் கணக்கெடுப்பு 1977இல் தொடங்கி நீண்ட இடைவெளிகளில் நடந்துவந்திருக்கிறது. ஆறாவது 2013-14இல் முடிந்தது. ஒரு கணக்கெடுப்பில் இருந்த கடை அடுத்ததில் இல்லையெனில், அது எப்போது, ஏன் மூடியது என்பதை அறிய வழியில்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவேடு சலுகை பெறுவதற்காகப் பதியப்படுவது. மூடியவர் அதை ரத்து செய்ய மெனக்கெடுவதில்லை. இக்குறையை ஈடுசெய்ய வேறு பதிவேடுகள் உள்ளன. சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவும் அதன் ரத்தும் ஒன்று. தமிழ்நாட்டில் குடிசை, குறுந்தொழில்களுக்கு ஒரு மின்கட்டண வகையும், பிற சிறு ஆலைகளுக்கு வேறொரு வகையும் இருப்பதால், புதிய தொழில் இணைப்பு, கூட்டிக் கேட்கப்பட்ட மின்பளு, நிரந்தரத் துண்டிப்பு ஆகியவற்றை மாவட்ட வாரியாகத் தொகுத்தால், வரிப் பதிவுக்கு வெளியே உள்ள பட்டறைகளின் பிறப்பு, வளர்ச்சி, இறப்பு ஆகிய மூன்றும் ஓரளவு தெரியவரும். பட்டறைக்காரர் படிவத்தில் எதை எழுதினாலும், ஓடாத எந்திரத்துக்கு அவர் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

மூன்றாவது, பணம் வந்து சேரும் நாள்கள். புதுத்தொழில் நலிவதற்கு ஆர்டர் இல்லாமையைப் போலவே, முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வராமையும் காரணமாகிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை அதிகபட்சம் 45 நாள்களுக்குள் தரவேண்டும் என்றும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி தரவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. அந்தக் காலக்கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டிலேயே செலவாகக் கழிக்க முடியும் என்ற வருமான வரி விதியும் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விதியின் பட்டியலில் இந்தியா முழு மதிப்பெண் பெறும். ஆனால் கோவையில் பம்புக்கான உதிரிபாகத்தைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர், தமக்கு வேலை தரும் ஒரே கம்பெனியின் மீது புகார் செய்தால் அடுத்த மாதம் வேலை வராது என்பதை அறிவார். அதனால் புகார் எண்ணிக்கை குறைவாக இருப்பதைக்கூட நற்குறியாகக் கொள்ள இயலாது. பில் போட்ட நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையே சராசரியாக எத்தனை நாள், அதில் ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபாடு என்பதை மாதிரி ஆய்வின் மூலம் கேட்டறிவதே வழி. விதிக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள தொலைவை இந்த ஓர் எண் அளந்துவிடும்.

நான்காவது, தோற்றவரின் இரண்டாவது முயற்சி. 1994இல் வெளியான ஆனாலீ சாக்ஸினியனின் ஆய்வு, கலிஃபோர்னியாவின் சிலிக்கன் பள்ளத்தாக்கு பாஸ்டன் வட்டாரத்தை முந்தியதற்குக் காரணமாக, அங்கே மனிதர்கள் நிறுவனம்விட்டு நிறுவனம் தயக்கமின்றி மாறியதையும், தோல்வி ஒருவரின் பெயரை நிரந்தரமாகக் கெடுக்காததையும் சுட்டிக்காட்டியது. இந்தியாவில் சிறுதொழில் கடன் பெரும்பாலும் வீட்டையும் நகையையும் ஈடாக வைத்துப் பெறப்படுவது. வங்கி தராத பகுதியைக் கந்துவட்டிக்காரர் தருகிறார். தொழில் விழுந்தால் குடும்பமும் விழுகிறது. 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பு நிறுவனங்களுக்கு வெளியேறும் வழியை அமைத்தது. தனியுரிமைத் தொழில் நடத்தும் கோடிக்கணக்கானோருக்கு அத்தகைய வழி இன்னும் நடைமுறையில் திறக்கவில்லை. தொழிலை மூடியவர்களில் எத்தனை பேர் ஐந்தாண்டுகளுக்குள் மீண்டும் ஒரு தொழில் தொடங்கினர் என்ற விகிதம், வட்டாரத்தின் துணையைக் காட்டும் எண்களிலேயே கூர்மையானது. வெற்றி பெற்றவருக்குத் துணை நிற்க எல்லா ஊர்களும் முன்வரும்; ஊர்களுக்கிடையே உள்ள வேறுபாடு தோற்றவரிடத்தில்தான் வெளிப்படும்.

இந்த நான்கையும் அளப்பதற்குப் புதிய நிறுவனமோ பெருஞ்செலவோ தேவையில்லை. வரித்துறை, மின்வாரியம், வங்கிகள் ஆகியவற்றிடம் உள்ள பதிவுகளைத் தனிமனித அடையாளம் நீக்கி இணைப்பதும், மாவட்டந்தோறும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதிரி ஆய்வு நடத்துவதும் போதும். அவ்வாறு கிடைக்கும் எண்களை வரிசைப்படுத்திப் பரிசளிக்க வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு மாவட்டமும் தன் சென்ற ஆண்டு எண்ணோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டால் போதுமானது. நடவடிக்கைகளை எண்ணும் தரவரிசை தொடரட்டும், ஏனெனில் அரசுகளைச் செயல்படத் தூண்டுவதில் அதற்குப் பயன் உண்டு. ஆனால் அது அரசுகளின் தேர்ச்சி அறிக்கை என்ற அளவிலேயே படிக்கப்பட வேண்டும். வட்டாரத்தின் தேர்ச்சி அறிக்கையை எழுதும் உரிமை அங்கே கடன் வாங்கி, எந்திரம் போட்டு, பில் அனுப்பிக் காத்திருப்பவருக்கு உரியது. அவருடைய ஐந்தாண்டு வரலாற்றைத் தொகுக்காத எந்தக் குறியீட்டெண்ணும் முழுமையானதாகாது.